கடைசி ஞாயிற்றில் வாசிக்கும் பெயர்கள்

மகன் குடிக்கிறான் என்று சபை மூப்பர் வீட்டுக்குப் போய்ச் சொன்னது ரோசியாமியேதான். வேறு யாரும் போட்டுக்கொடுக்கவில்லை. அதை அவள் ஒருநாளும் மறைத்ததுமில்லை. மறைக்கத் தெரிந்திருந்தால் அந்த வருடம் அவளுக்கு அப்படி முடிந்திருக்காது என்று பக்கத்து வீட்டுத் தெங்கி இன்றைக்கும் சொல்லுகிறாள். தெங்கி டீக்கடை வைத்திருப்பவள். அவள் வாய்க்குப் பூட்டுக் கிடையாது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்வது சரிதான்.

ரோசியாமிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. முப்பது வயதில் புருஷனை மலேரியாவுக்குக் கொடுத்தவள். ஐந்து வயது மகனோடு நின்றவள், மலைச்சரிவில் காடு வெட்டி எரித்து, நெல் விதைத்து, யாரிடமும் கைநீட்டாமல் அவனை வளர்த்தாள். மகன் பெயர் பியாக்மாவியா. மாவியா என்றால்தான் துய்சென் ஊரில் தெரியும். சபையில் பாட்டுக்கு மேளம் அடிப்பவன் அவன்தான். எங்கள் மலைகளில் மேளம் இல்லாமல் பாட்டு எழும்பாது. மேளக்காரன் சோர்ந்தால் சபையே சோர்ந்து போகும். அப்படிப்பட்ட இடத்தில் பதினான்கு வயதிலிருந்து அவன் நின்றான். தாய்க்குக் கர்வம் இருக்காதா? இருந்தது. நிறையவே இருந்தது.

அவளுக்கும் சபையில் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் சோறாக்கும் முன் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனிப்பானையில் எடுத்து வைப்பார்கள். சனிக்கிழமைதோறும் முதுகில் கூடையோடு போய் அந்த அரிசியை வாங்கி வருவது அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக அவள்தான். அவளுக்குக் கை பெரிது. அவள் வீட்டுப் பிடி மற்றவர்களுக்கு இரண்டு பிடி. "கர்த்தருக்கே இவ கையப் பாத்தா பயமா இருக்கும், இவ்வளவு அரிசிய எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு" என்று தெங்கி கிண்டல் செய்வாள். ரோசியாமிக்கு அந்தக் கிண்டல் பிடிக்கும்.

இனி இரண்டாயிரத்து ஏழாம் வருடத்துக்கு வருவோம். வராமல் தீராது.

அதற்கு முந்தின வருடமே மூங்கில் பூக்கத் தொடங்கிவிட்டது. மூங்கில் பூத்தால் காய்க்கும், காயைத் தின்று எலி பெருகும், காய் தீர்ந்ததும் எலி வயலுக்கு வரும். கிட்டத்தட்ட ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை வருகிற தண்டனை இது. போன தடவை வந்தபோது ரோசியாமிக்கு எட்டு வயது. காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்று வயிறு வீங்கிச் செத்த தங்கச்சியை அவளுக்கு ஞாபகமிருக்கிறது. ஆகவே இந்தத் தடவை அவள் ஏமாறத் தயாராக இல்லை. எலி தொடாத பயிர் போடுங்கள், இஞ்சி போடுங்கள் என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். மாவியா பாதிக் காட்டில் இஞ்சி போட்டான். ஊரே இஞ்சி போட்டது. பக்கத்து ஊரும் போட்டது. அப்புறம் வாங்க ஆள் எங்கே? ஜனவரி முழுக்க மூட்டை மூட்டையாகச் சாலையோரத்தில் கிடந்து இஞ்சி அழுகியது. வண்டிக்காரன் சும்மா கொடுத்தால்கூட ஏற்றமாட்டேன் என்று போய்விட்டான்.

மாவியா குடிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சாராயம் எங்கள் மாநிலத்தில் கூடாது, சபையிலும் கூடாது. ஆனால் பர்மாவிலிருந்து ஆற்றைக் கடந்து வருகிற போத்தலுக்கு இரண்டுமே தெரியாது. முதலில் வாரம் ஒருநாள். அப்புறம் இரண்டு. ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேளம் அடிக்கும்போது தாளம் தப்பியது. பாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோசியாமிக்கு அன்று உயிரே போய்விட்டது.

மறுநாள் மூப்பர் கப்சுங்கா வீட்டுக்குப் போனாள். எங்கள் போதகருக்கு ஏழு ஊர். அவர் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிசயம். ஊரில் சபையை நடத்துவது ஆறு மூப்பர்கள், அவர்களில் பெரியவர் கப்சுங்கா. அவர் வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார்.

"மூப்பரே, என் மகன் குடிக்கிறான்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருக்கீங்களா?"

"யாராவது வந்து சொன்னாத்தானே விசாரிக்க முடியும். மூக்கு இருக்குங்கிறதுக்காக வீடு வீடாப் போயி மோந்து பாக்கச் சொல்றியா?"

"நான் சொல்றேன். எழுதிக்குங்க."

கப்சுங்கா பீன்ஸைக் கீழே வைத்தார். "பெத்தவ நீ. நல்லா யோசிச்சுக்க. சரி, மொதத் தடவைங்கிறதால மூணு மாசம் சபையிலேர்ந்து நீக்கி வைப்போம். செப்டம்பர் கடைசில திரும்பச் சேத்துக்கலாம்."

"மூணு மாசம் வேணாம். ஆறு மாசம் போடுங்க."

மூப்பர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தண்டனையைக் கூட்டிக் கேட்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"எதுக்கு ஆறு மாசம்?"

"மூணு மாசத்துல அவனுக்குப் புத்தி வராது" என்றாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் அப்போது சொல்லவில்லை, பிறகு தெங்கியிடம்தான் சொன்னாள்.

வருடத்தின் கடைசி ஞாயிறு காலை ஆராதனையில் எங்கள் சபைகளில் இரண்டு பட்டியல் வாசிப்பார்கள். முதலில், அந்த வருடம் இறந்துபோன சபையாரின் பெயர்கள். தேதி வரிசையில் ஒவ்வொரு பெயராக வாசிக்க, சபை முழுக்க எழுந்து நிற்கும். அடுத்து, நீக்கி வைக்கப்பட்டு அந்தச் சமயத்தில் தண்டனை முடிகிறவர்களின் பெயர்கள். கூப்பிட்டவர் எழுந்து முன்னால் போவார், மூப்பர்கள் வரிசையாக நின்று கைகுலுக்குவார்கள், அவர் மறுபடியும் சபையில் ஒருவர் ஆகிவிடுவார். நீக்கப்பட்டிருக்கிற காலத்தில் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. அது எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

செப்டம்பர் கடைசியில் ஊரே காட்டுக் குடிசைகளில் நெல்லுக்குக் காவல் இருக்கும். ஆலயத்தில் கிழவர்களும் பூனைகளும்தான் இருப்பார்கள். அப்போது மாவியா திரும்பச் சேர்ந்தால் யார் பார்ப்பார்கள்? கடைசி ஞாயிறு என்றால் தலைநகர் ஐஸ்வாலில் வேலை பார்க்கிறவர்கள்கூட வந்திருப்பார்கள். தாளம் தப்பியபோது திரும்பிப் பார்த்த அத்தனை கண்களும் இருக்கும். அத்தனை பேர் முன்னாலும் அவள் மகன் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்து போய் ஆறு மூப்பர்களிடம் கைகுலுக்க வேண்டும். அதுதான் அவள் ஆசை. அதற்காகத்தான் மூன்றை ஆறாக்கினாள்.

கமிட்டி கூடியது. ஜூலை ஒன்று முதல் ஆறு மாதம் என்று எழுதியாயிற்று. மாவியா வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தான்.

"நீதான் சொன்னியாமே."

"நான்தான்."

"மூணு மாசம்தான் போட இருந்தாங்களாம். நீதான் ஆறு கேட்டு வாங்குனியாம்."

"ஆமா."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சந்தைல வெலயக் கொறச்சுக் கேப்பாங்க, பாத்திருக்கேன். கூட்டிக் கேக்கிற ஆள இப்பத்தாம்மா பாக்கிறேன்."

"சிரி. நல்லாச் சிரி. டிசம்பர்ல நான் சிரிக்கிறேன்."

ஒன்று சொல்ல வேண்டும். அவள் போட்ட கணக்கு தப்பவில்லை. மேளத்தைப் பிடுங்கியதும் அவனுக்கு உறைத்தது. இரண்டு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வேறொரு பையன் மேளத்தைப் போட்டு அடிப்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். ஆகஸ்டில் குடியை விட்டான். அவன் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ரோசியாமி ஏதோ சாக்கு வைத்துப் பக்கத்தில் போய் வாயை மோந்து பார்ப்பாள். அவனுக்கும் தெரியும். ஒருநாள் அவனே வாயைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே ஊதினான். "போதுமா? நாளைக்குக் காலையில ஒருதரம் ஊதட்டுமா?" என்றான். விற்காமல் கிடந்த இஞ்சியைத்தான் அப்போதெல்லாம் மென்றுகொண்டிருந்தான். குடிக்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு துண்டு. அழுகியது போக மிச்சம் இருந்த மூட்டை அதற்காவது உதவியது.

அந்த மாதம் ரோசியாமி சந்தையில் பர்மாக்காரனிடம் பழைய கறுப்புக் கோட்டு ஒன்று வாங்கி வந்தாள். தோள் கொஞ்சம் அகலம். டிசம்பருக்குள் அவன் உடம்பு தேறிவிடும், அப்போது சரியாக இருக்கும் என்று பெட்டியில் வைத்தாள்.

செப்டம்பரில் எலி வந்தது. நெல் பால் பிடித்து முற்றுகிற நேரம். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் சரிவில் தாள் மட்டும் நிற்கிறது, கதிர் ஒன்றுகூட இல்லை. நாற்பது டின் நெல் வர வேண்டிய காட்டில் இரண்டு டின் பொறுக்கி எடுத்தார்கள். ரோசியாமி அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. காட்டுக் குடிசையில் முழங்கால் போட்டு, வாய்விட்டே கேட்டாள். "ஆண்டவரே, எலிக்குக் கணக்குப் பாக்காமக் குடுத்தீங்க. இருபத்திரண்டு வருசமா என் கையால ரெண்டு பங்கு பிடி எடுத்து வச்சேனே, எனக்கு ஒரு பங்காவது விட்டிருக்கக் கூடாதா?" வெளியே நின்ற மாவியா, "மெதுவாப் பேசும்மா, எலிக்குக் கேட்டா இன்னும் கொழுப்பு ஏறும்" என்றான்.

ஒரு எலி வாலுக்கு இரண்டு ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. நெல்லை அறுக்க வேண்டிய கைகள் வால் அறுத்தன. மாவியா இருநூறு எலி அடித்தான். அதில் பத்தில் ஒரு பங்கு, இருபது வாலை வாழையிலையில் கட்டி மூப்பர் கப்சுங்கா வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தான்.

"என்னடா இது?"

"தசமபாகம்."

கப்சுங்காவுக்குச் சிரிப்பதா திட்டுவதா தெரியவில்லை. "நீக்கி வச்சவங்ககிட்டயும் காணிக்கை வாங்கலாம். அதுக்குத் தடை இல்ல" என்று கடைசியில் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்.

"வால வாங்கிக்கிறீங்க. பேர மட்டும் வாங்கிக்க மாட்டீங்க" என்றான் மாவியா. மூப்பர் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். டிசம்பர் கடைசி ஞாயிறு இவனை முதலில் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிய தொந்தரவு. கெட்டவன் ஒருத்தன் இருந்திருந்தால் அவன் தலையில் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

அக்டோபரில் சனிக்கிழமைக் கூடை இலேசாயிற்று. நிறைய வீடுகளில் பிடி எடுக்கும் வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்கள். நாலு வயதுப் பிள்ளையின் கையில் எவ்வளவு அரிசி நிற்கும்? கர்த்தருக்கும் கொடுத்த மாதிரி, பானைக்கும் குறையாத மாதிரி. ரோசியாமி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தன் வீட்டில் மட்டும் தானே எடுத்தாள், அதே கையால், அதே பிடி. மகன் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒரு கவளம் குறைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான்.

மழையில் சாலை சரிந்துவிட்டது. நிவாரண அரிசி ஏற்றி வந்த லாரிகள் ஊருக்கு ஆறு கிலோமீட்டர் கீழே, ஓடைக்கரையில் நின்றுவிட்டன. ஊர் இளைஞர் சங்கம் வீட்டுக்கு ஒரு ஆள் கூப்பிட்டது. சுமையைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் மூட்டையோடு மலை ஏறினார்கள். சங்கத்தில் யாரும் நீ சபையில் இருக்கிறாயா என்று கேட்பதில்லை. மாவியா மற்றவர்கள் ஒருநடை போனால் இரண்டு நடை போனான். இரண்டாவது நடை, சொந்தப் பிள்ளைகள் ஐஸ்வாலில் இருக்கிற கிழவர்களின் மூட்டைக்கு.

நவம்பர் பதினான்காம் தேதி, இரண்டாவது நடையில், ஈரப் பாதையின் ஓரம் இடிந்தது. அவன் விழுந்தான். மேலே மூட்டை விழுந்தது.

நான்கு பேர் உடலைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு நடுவில் கிடத்தினார்கள். கூட்டத்தில் யாரோ, "வழுக்குற பாதைதான், ஆனாலும் போட்டிருப்பானோ என்னவோ" என்றது ரோசியாமியின் காதில் விழுந்தது. அவள் குனிந்தாள். முத்தம் கொடுக்கிறாள் என்று நினைத்துப் பெண்கள் விலகி வழி விட்டார்கள். அவள் மகனின் வாயை மோந்து பார்த்தாள். இஞ்சி வாசனை. இஞ்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, "வந்து மோந்து பாருங்க. யாரு கேட்டது? வாங்க" என்றாள். யாரும் வரவில்லை.

அந்தக் கோட்டைப் போட்டுத்தான் புதைத்தார்கள். தோள் அகலமாகவே இருந்தது.

அடக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இளைஞர்கள் குழி வெட்டினார்கள். ஊர் முழுக்க வந்து வீட்டில் உட்கார்ந்து பாடியது. கப்சுங்காவே வந்து ஜெபம் செய்தார். ஒரு வாரம் பெண்கள் முறை வைத்து அவளோடு படுத்துக்கொண்டார்கள். ஆறாம் நாள் தெங்கி டீ போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ரோசியாமிக்கு அது உறைத்தது.

"தெங்கி, கடைசி ஞாயிறு அவன் பேர வாசிக்க மாட்டாங்க."

தெங்கி கரண்டியை நிறுத்தினாள்.

"மூணு மாசம்னா செப்டம்பர்ல முடிஞ்சிருக்கும். சபையில இருந்து செத்திருப்பான். நான்தான் ஆறு கேட்டேன்." கோட்டைப் பற்றியும், ஐஸ்வாலிலிருந்து வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்ததைப் பற்றியும் அப்போதுதான் சொன்னாள். அழாமல் சொன்னாள். தெங்கிதான் அழுதாள்.

"விடு அக்கா. கடவுளோட புஸ்தகத்துல அவன் பேரு இருக்கும்."

"கடவுளோட புஸ்தகத்த யாரு வாசிச்சுக் கேட்டா? கப்சுங்கா வாசிக்கிறதுதான் எனக்குக் கேக்கும்."

டிசம்பர் முதல் வாரம் அவள் மறுபடியும் மூப்பர் வீட்டு வாசலுக்குப் போனாள். ஜூன் மாதம் போல நின்றுகொண்டே பேசினாள். கப்சுங்கா நாற்காலி போட்டார். உட்காரவில்லை.

"மூப்பரே, ஒரு பேரு. ஒரே ஒரு பேரு வாசிச்சா என்ன ஆயிரும்?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா ரோசியாமி? அவன் குடிய விட்டது எனக்குத் தெரியும். ஆனா தேதி இருக்கே. நவம்பர்ல அவன் நம்ம சபையில இல்ல. இல்லாதவன் பேர எப்படிச் சேத்து வாசிக்கிறது?"

"ஆறு மாசத்தக் கொறச்சு எழுதிடுங்க. நான் கேட்டு வாங்குனதுதானே. நானே திருப்பிக் குடுக்கிறேன்."

"செத்தப்புறம் தண்டனையக் கொறைக்க வழி இல்லம்மா." மூப்பர் நாற்காலியை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினார். "ஆலயத்துல உங்க வரிசைல மூணாவதா உக்காருவாளே அந்தக் கிழவி. பதினோரு வருசத்துக்கு முன்னால அவ மகனும் நீக்கி வச்சிருக்கும்போதுதான் செத்தான். வாசிக்கல. அவ வந்து என்னக் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

கமிட்டியில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை பதில் வந்தது. முடியாது. அதை வந்து சொன்னவர் சபைச் செயலாளர் லியானா, பள்ளிக்கூட வாத்தியார். தலைமுடி வகிட்டிலிருந்து கையெழுத்து வரை எல்லாம் நேராக இருக்கும். எழுதியதில் ஒரு எழுத்து மாற்றுவதற்கும் கமிட்டித் தீர்மானம் வேண்டும் என்பவர். பாவம், அவரும் கண்கலங்கிக்கொண்டுதான் சொன்னார்.

அந்தக் கிறிஸ்துமஸ் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். விருந்துக்கு ஒரு பன்றிதான் வெட்டினார்கள். சோறு அளந்து அளந்து போட்டார்கள். ரோசியாமி போகவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு பிடி அரிசி வாங்க மட்டும் போனாள். ஏன் போனாய் என்று தெங்கி கேட்டதற்கு, "அதையும் விட்டா என்கிட்ட என்ன இருக்கு?" என்றாள்.

கடைசி ஞாயிறு, டிசம்பர் முப்பது. ஆலயம் நிறைந்திருந்தது. அவள் கணக்குப் போட்டது போலவே ஐஸ்வாலிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கப்சுங்கா முதல் பட்டியலை எடுத்தார், சபை எழுந்தது. அவளும் எழுந்தாள். முடியாது என்று சொல்லிவிட்டார்கள்தான். ஆனாலும் வாசிக்கும்போது மனிதனுக்கு மனசு மாறலாமே என்று ஒரு சின்ன நப்பாசை இருந்தது. ஜனவரியில் ஒன்று. மார்ச்சில் இரண்டு. செப்டம்பர், அக்டோபரில் வேகவேகமாக வந்தன. நவம்பர் மூன்று, ஒரு கிழவர். அடுத்து நவம்பர் இருபத்தேழு, பிறந்து நாற்பது நாளான ஒரு குழந்தை.

நடுவில் ஒன்றுமில்லை. கப்சுங்கா அந்த இடத்தில் மூச்சுகூட விடாமல் தாண்டினார்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மூப்பர் பிரசங்கம் செய்தார். கொடிய வருடம்தான், ஆனாலும் ஒருவரும் பட்டினியால் சாகவில்லை, கர்த்தர் கைவிடவில்லை என்றார். மூங்கில் காய் தீர்ந்துவிட்டது, எலிகள் இனித் தாமே செத்துவிடும், வருகிற வருடம் நெல் விளையும், சாலை திறக்கும், நம்பிக்கையோடிருங்கள் என்றார். ஆமென் என்றது சபை. சொன்னதெல்லாம் உண்மைதான், நெல் விளையும். யார் விதைப்பது, யார் சாப்பிடுவது என்று ரோசியாமி நினைத்தாள். வருகிற வருடத்தில் தனக்கென்று என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு மூப்பர்கள் ஆறு பேரும் முன்னால் வரிசையாக நின்றார்கள். லியானா எழுதிக் கொடுத்த இரண்டாவது தாளைக் கப்சுங்கா விரித்தார். முதல் பெயர், இரண்டு பேரை வைத்து வாழ்ந்ததற்காக நீக்கப்பட்ட ஒரு தச்சன். எழுந்து வந்து வெட்கத்தோடு கைகுலுக்கினான். அடுத்து ஒரு பெண். அடுத்து குடித்ததற்காக நீக்கப்பட்ட ஒரு கிழவர். அவர் ஐந்தாவது தடவையாகத் திரும்பச் சேர்கிறார், அதனால் கை நீட்டிக்கொண்டே வந்தார், சபையில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன் கப்சுங்கா அடுத்த பெயரை வாசித்துவிட்டார்.

"பியாக்மாவியா."

சிரிப்பு அப்படியே நின்றது. வாசித்த பிறகுதான் மூப்பருக்கும் தெரிந்தது. தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். நீக்கியபோது கமிட்டி எழுதியது: ஆறு மாதம், டிசம்பர் கடைசி ஞாயிறு சேர்த்துக்கொள்வது. அவன் செத்த பிறகு அதை ரத்து செய்து தீர்மானம் எதுவும் போடவில்லை. லியானா எழுத்துப் பிசகாமல் பிரதி எடுத்திருந்தார்.

பெண்கள் பக்கத்தில் ரோசியாமி எழுந்தாள். தெங்கி அவள் சால்வையைப் பிடித்து இழுத்தாள். சால்வை தெங்கியின் கையிலேயே தங்கிவிட்டது. அவள் நடுவழியாக முன்னால் நடந்து போய்க் கப்சுங்கா முன் நின்றாள்.

"ரோசியாமி, இது தப்பா எழுதிட்டாங்க" என்றார் மூப்பர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "மன்னிச்சுக்கம்மா. போயி உக்காரு."

"தப்பு இல்ல மூப்பரே. ஆறு மாசம் முடிஞ்சிருச்சு. நான் கேட்டு வாங்குன ஆறு மாசம்." அவள் மெதுவாகப் பேசவில்லை. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. "பேரக் கூப்பிட்டீங்க. அவனால வர முடியல. நான் வந்திருக்கேன்."

அந்தப் பெரிய கையை நீட்டினாள்.

கப்சுங்கா மற்ற மூப்பர்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். இதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஆறு பேருக்கும் தெரியவில்லை. கை நீட்டியபடியே இருந்தது, இறங்குகிற மாதிரி இல்லை. கடைசியில் அவர் அதைப் பிடித்தார். அடுத்தவரிடம் போனாள். அவர் கொடுத்தார். ஆறு பேரும் கொடுத்தார்கள். ஆறாவது கையை விட்டுவிட்டு அவள் மறுபடி கப்சுங்காவிடம் வந்தாள்.

"இப்ப அவன் சபையில ஒருத்தன்தானே?"

மூப்பர் "ஆமா" என்றார்.

"அப்ப வர்ற வருசக் கடைசி ஞாயிறு, செத்தவங்க பேர வாசிக்கும்போது அவன் பேரையும் வாசிங்க."

கப்சுங்கா சரியென்று தலையை ஆட்டினார். அவர் ஆட்டியது அவளுக்குப் போதவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த லியானாவின் பக்கம் திரும்பி, அவரே பேனாவை எடுத்து, நோட்டைப் பிரித்து, பெயரையும் தேதியையும் எழுதி முடிக்கும்வரை ஆலயம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அங்கேயே நின்றாள்.